தங்கவயலில் பெரிய வெள்ளி: ஏசாயா கண்ட தாசன் யார்?

பெரிய வெள்ளிக்கிழமையன்று சாம்பியன் ரீப்ஸ் மாதா கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள். முந்தின நாள் மாலைப் பூசையோடு ஓய்ந்த மணி, உயிர்ப்புத் திருநாளின் இரவில்தான் மறுபடி ஒலிக்கும். இது உலகெங்கும் உள்ள கத்தோலிக்கக் கோயில்களின் வழக்கம்தான். ஆனால் கோலார் தங்கவயலில் இன்னொரு ஓசையும் அடங்கிப் போய்விட்டது. ஷிப்டுக்கு ஷிப்டு ஊதித் தொழிலாளியைப் பாயை விட்டு எழுப்பிய சுரங்கத்துச் சங்கின் ஓசை அது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்ட பிறகு அந்தச் சங்குக்கு வேலை இல்லை.

அந்த மௌனத்தில், குருவானவர் பீடத்தின் முன் குப்புற விழுந்து வணங்கி எழுந்ததும், முதல் வாசகம் படிக்கப்படுகிறது. எசாயா ஆகமம், 52-ம் அதிகாரம் 13-ம் வசனம் தொடங்கி 53-ம் அதிகாரம் முடிய உள்ள பகுதி. சி.எஸ்.ஐ. முதலான சீர்திருத்த சபைகளில் பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிப்பார்கள். அங்கும் இந்த அதிகாரத்தைத் தொடாமல் பிரசங்கம் முடிவது அபூர்வம். கத்தோலிக்கர் எசாயா என்பார்கள், மற்றவர்கள் ஏசாயா என்பார்கள். எழுத்து கொஞ்சம் வேறானாலும் ஆள் ஒருவரே. கேட்பவர் கண்ணீரும் ஒன்றே.

அந்தப் பகுதியில் சொல்லப்படுவது இதுதான். கடவுளுக்கு ஒரு தாசன் இருக்கிறான். பார்வைக்கு அழகில்லை, பெருமையில்லை. நோய் அவனை உருக்குலைத்திருக்கிறது. எதிரே வந்தால் ஊரார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். 'இவன் ஏதோ பாவம் செய்திருக்கிறான், தெய்வம் தண்டித்துவிட்டது' என்று தீர்மானித்துவிடுகிறார்கள். அவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நியாயம் கிடைக்கவில்லை. அவன் வாய் திறக்கவும் இல்லை. கொன்று, அக்கிரமக்காரர்களோடு சேர்த்துப் புதைக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் ஊராருக்குப் புத்தி வருகிறது. அவன் சுமந்தது தன் குற்றத்தை அல்ல, நம் குற்றத்தை அல்லவா என்று அவர்களே சொல்லி அழுகிறார்கள். முடிவில் கடவுள் அந்தத் தாசனை உயர்த்துகிறார்.

கவனிக்க வேண்டிய ஒன்று, இதைச் சொல்பவர்கள் யார் என்பது. தாசன் இதில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. பேசுவதெல்லாம் 'நாங்கள்'. அவனை இகழ்ந்தவர்கள், பிறகு அவனால் பிழைத்தவர்கள். தவறிப்போன ஒரு தீர்ப்பை, தீர்ப்புச் சொன்னவர்களே திரும்பப் பெறுகிற வாக்குமூலம் இது எனலாம். வேதத்தில் இதைப்போல இன்னொரு பகுதியைத் தேடினாலும் கிடைப்பது அரிது.

பொக்கிஷ அதிகாரியின் கேள்வி

இந்தத் தாசன் யார்? கேள்வி புதிதல்ல. புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் நடபடிகள் 8-ம் அதிகாரத்தில் இதே கேள்வியை ஒரு பிரயாணி கேட்கிறான். எத்தியோப்பிய அரசியின் கஜானா முழுவதற்கும் அதிகாரியாக இருந்தவன் அவன். எருசலேமுக்கு வந்து தொழுதுவிட்டு, காசாவுக்குப் போகும் பாதையில் ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவின் சுருளை உரக்கப் படித்துக்கொண்டு போகிறான். வழியில் பிலிப்பு என்ற சீடர் ஏறிக்கொள்கிறார். தீர்க்கதரிசி தன்னைப் பற்றிச் சொல்கிறாரா, வேறு யாரையாவது பற்றியா என்று அதிகாரி கேட்கிறான். பிலிப்பு அந்த வசனத்தில் தொடங்கி இயேசுவைப் பற்றிச் சொல்கிறார். தண்ணீர் கண்ட இடத்தில் ரதம் நிற்கிறது, ஞானஸ்நானம் நடக்கிறது.

கிறிஸ்தவ சமயத்தின் விடை அன்றிலிருந்து இன்று வரை இதுதான்: அந்தத் தாசன் இயேசு. சுவிசேஷங்களில் இயேசுவே தமது கடைசி இராப்போசனத்தின்போது இந்த அதிகாரத்தின் இறுதி வசனத்தைத் தமக்குப் பொருத்திச் சொன்னதாக லூக்கா எழுதுகிறார். பேதுருவின் முதல் நிருபம், இயேசுவின் பாடுகளை விவரிக்கும்போது ஏசாயாவின் வார்த்தைகளையே எடுத்துக் கோத்திருக்கிறது. சிலுவையை நேரில் கண்டவர்களுக்கு அதன் அர்த்தம் உடனே விளங்கவில்லை. தூக்குமரத்தில் செத்த ஒருவரை இரட்சகர் என்று எப்படிச் சொல்வது? அந்த இக்கட்டில் அவர்களுக்குக் கைகொடுத்தது இந்தப் பழைய ஏடுதான்.

எவ்வளவு பழையது? கி.மு. 587-ஐ ஒட்டி பாபிலோன் படை எருசலேமை இடித்தது. ஆலயம் எரிந்தது. யூதர்களில் பலர் சிறைபிடிக்கப்பட்டு அந்நிய மண்ணுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஏசாயா ஆகமத்தின் 40-ம் அதிகாரத்திலிருந்து வரும் பகுதி, அந்த அடிமை வாழ்வு முடியும் தறுவாயில், கி.மு. 540-ஐ ஒட்டிப் பிறந்தது என்பது இன்றைய வேத அறிஞர் பலரின் முடிவு. ஆகமம் முழுவதும் அதற்கு 150 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏசாயா ஒருவரே எழுதியது என்று நம்புகிறவர்களும் திருச்சபையில் நிறைய உண்டு. எப்படிப் பார்த்தாலும் இயேசுவுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. இதில் நான்கு 'தாசன் பாடல்கள்' இருப்பதை 1892-ல் பெர்னார்டு டூம் என்ற ஜெர்மன் அறிஞர் பிரித்துக் காட்டினார். 53-ம் அதிகாரம் அந்த நான்கில் கடைசியானது.

பிற்காலக் கிறிஸ்தவர்கள் தங்களுக்கு வசதியாக ஏட்டைத் திருத்திக்கொண்டிருப்பார்களோ என்ற சந்தேகம் ஒரு காலத்தில் இருந்தது. அந்தச் சந்தேகத்துக்கு 1947-ஐ ஒட்டி விடை கிடைத்தது. சாக்கடல் ஓரத்தில் கும்ரான் என்ற இடத்தில், ஆடு மேய்க்கும் நாடோடி அரபியர் ஒரு குகையில் பானைகளைக் கண்டார்கள். உள்ளே தோல் சுருள்கள். அவற்றில் ஒன்று ஏசாயா ஆகமம் முழுவதும் அடங்கிய சுருள். பதினேழு தோல்களை ஒட்டுத் தைத்து, ஏழு மீட்டருக்கு மேல் நீளம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அதாவது இயேசு பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. 53-ம் அதிகாரம் அதில் அப்படியே இருக்கிறது.

அப்படியே என்றாலும் ஒரு சொல் கூடுதல். 11-ம் வசனத்தில் தாசன் தன் வேதனைக்குப் பிறகு 'காண்பான்' என்று மட்டும் பழைய எபிரேய ஏடுகளில் உள்ளது. எதைக் காண்பான் என்று தெளிவாக இல்லாததால் மொழிபெயர்த்தவர்கள் தங்களுக்குத் தோன்றியதைச் சேர்த்துப் படித்தார்கள். கும்ரான் சுருளில் அந்த இடத்தில் 'ஒளி' என்ற சொல் இருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அப்படியே. தாசன் ஒளியைக் காண்பான்! எட்டு மணி நேரம் பூமிக்கடியில் கிடந்துவிட்டு, கேஜில் ஏறி மேலே வந்து, ஷாப்டின் வாயில் பகல் வெளிச்சத்தில் கண் கூசி நின்ற மனிதர்களின் ஊரில், இந்த ஒரு சொல்லுக்கு விரிவுரை தேவைப்படாது.

நெஞ்சில் படிந்த தூசு

1880-ம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி இங்கே காலூன்றியது முதல் சுரங்கம் மூடும் வரை சுமார் 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியே போனது. வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து கூட்டங்கூட்டமாக வந்தவர்கள்தான் தோண்டியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். ஊரில் பண்ணையடிமைத்தனம், இங்கே கூலி. கூலி குறைவுதான், ஆனால் கையில் காசாக வந்தது. சேரியில் நிமிர முடியாதவன் இங்கே லைன் வீட்டுத் தகரக் கூரையின் கீழாவது நிமிர்ந்தான். 1894-ல் பவுரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருபேட்டை) மாரிகுப்பம் வரை ரயில் போட்ட பிறகு வருகை இன்னும் பெருகியது.

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. அந்த ஆழத்தில் பாறையைத் தொட்டால் சுடும். மேலே உள்ள பாரத்தின் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். இதைத் தங்கவயல் மக்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். மேலே வீட்டில் பாத்திரங்கள் உருண்டு விழும்போதே, கீழே யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பெண்கள் ஷாப்டை நோக்கி ஓடுவார்கள்.

அது நொடியில் கொல்லும் சாவு. மற்றொன்று நின்று கொல்லும் சாவு. தங்கம் கிடக்கும் பாறை வெண்கல் பாறை. துளை போடும்போது பறக்கும் அதன் மெல்லிய தூசு கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் தங்கிவிடும். தங்கிய இடத்தில் தழும்பு கட்டும். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாகும். இதுவே சிலிக்கோசிஸ். இதைக் குணப்படுத்தும் மருந்து இன்றும் கிடையாது. காசநோய் எளிதில் பற்றிக்கொள்ளும். 1940-களில் தங்கவயலில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்துப் பார்த்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது தெரிய வந்தது. மைசூர் சமஸ்தானம் 1940-ல் சிலிக்கோசிஸ் நஷ்டஈட்டுக்கு விதிகள் வகுக்க நேர்ந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். தூசு அடங்கத் தண்ணீர் பீய்ச்சித் துளை போடும் முறை வந்த பிறகு நோய் குறைந்தது. ஆனால் ஏற்கெனவே நெஞ்சில் படிந்தது படிந்ததுதான்.

இந்த ஊரில்தான் வருஷா வருஷம் ஏசாயா 53 படிக்கப்படுகிறது. அந்த அதிகாரத்தின் மூன்றாம், நான்காம் வசனங்களில் துக்கம், பாடு என்று மொழிபெயர்க்கப்படும் இடத்தில் எபிரேயத்தில் இருக்கும் சொற்களில் ஒன்றுக்கு நேர்ப்பொருள் 'நோய்'. மனவருத்தம் அல்ல, உடம்பில் வரும் நோய். மற்றொன்றுக்கு 'வலி'. மத்தேயு சுவிசேஷம் இதைச் சரியாகவே பிடித்திருக்கிறது. இயேசு பேதுருவின் மாமியாரின் காய்ச்சலைத் தீர்த்து, அன்று மாலை கொண்டுவந்த நோயாளிகளையெல்லாம் சுகமாக்கியபோது, ஏசாயா சொன்னது நிறைவேறியது என்று அது எழுதுகிறது. லத்தீன் வேதத்தை மொழிபெயர்த்த ஜெரோம், ஊரார் தாசனைத் 'தொழுநோயாளி' போலக் கருதினார்கள் என்றே எழுதினார். ஆக, தாசன் நோயாளி. ஒதுக்கப்பட்ட நோயாளி. இருமி இருமித் திண்ணையில் சுருண்டு கிடந்த ஒரு தகப்பனை நினைவில் வைத்திருக்கும் பிள்ளைக்கு, இந்த வாசகம் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தியதாகத் தோன்றாது.

'தன் வினை தன்னைச் சுடாதா?'

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒருவன் செய்ததை இன்னொருவன் சுமக்க முடியுமா? தன் வினை தன்னைச் சுடும் என்பது தமிழன் தாய்ப்பாலோடு குடித்த பாடம். ஒருவன் நோயில் விழுந்தால் 'போன ஜென்மத்துப் பாவம்' என்று ஊர் முடித்துவிடும்.

தங்கவயலில் இந்த வாதம் புத்தகத்தில் மட்டும் நடந்தது அல்ல. அயோத்திதாச பண்டிதரின் தென்னிந்திய பௌத்த இயக்கத்துக்கு இங்கே ஆழமான வேர் உண்டு. 1907-ல் மாரிகுப்பத்தில் கிளை தோன்றியது. பிறகு சாம்பியன் ரீப்ஸில் சங்கம் அமைந்தது. இங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை நூல்களை அச்சிட்டது. 'தமிழன்' பத்திரிகையும் பிற்பாடு ஒரு காலம் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. ஆக, ஒரே லைனில் ஒரு வீட்டில் சிலுவை, அடுத்த வீட்டில் புத்தர் படம், மூன்றாவது வீட்டில் மாரியம்மன். ஒவ்வொருவன் செயலுக்கும் ஒவ்வொருவனே பொறுப்பு என்று சொல்கிற பௌத்தர், 'உன் பாவத்துக்கு வேறொருவர் ஏன் சாக வேண்டும்?' என்று கேட்பதில் அதிசயமில்லை. கேள்வி நியாயமானது.

கிறிஸ்தவம் தரும் பதிலை இப்படிச் சொல்லலாம். வினைக்குப் பலன் இல்லை என்று அது சொல்லவில்லை. ஆனால் பலன் எப்போதும் வினை செய்தவன் தலையிலேயே விழுகிறது என்பதை ஏசாயா மறுக்கிறார். அரசன் செய்த தவறுக்குக் குடிகள் செத்தார்கள். தகப்பனார்கள் செய்த தவறுக்குப் பிள்ளைகள் பாபிலோனில் அடிமையானார்கள். துன்பப்படுகிறவனைக் கண்டதும் 'இவன் பாவி' என்று சொல்வதுதான் அந்த ஊரார் செய்த தப்பு. அதற்காகத்தான் அவர்கள் அழுகிறார்கள். இந்த அநியாயக் கணக்கை அறிந்தே, ஒருவர் மனமுவந்து அதன் அடியில் தோளைக் கொடுத்தார், மேற்கொண்டு யார் மேலும் அது விழாதிருக்க. 53-ம் அதிகாரம் பத்தாம் வசனத்தில் வரும் எபிரேயச் சொல், லேவியராகமத்தில் குற்றநிவாரண பலிக்கு வழங்குவது. ஆட்டைக் கொண்டுபோய்க் கொடுத்த காலம் போய், மனிதன் தன்னையே கொடுத்த கதை இது. எபிரெயர் நிருபம் இன்னும் ஒரு படி மேலே போய், இது ஒரே தரம் நடந்து முடிந்த பலி, இனி பலி வேண்டாம் என்று அடித்துச் சொல்கிறது.

நெல்லை மாவட்டத்துக் கிருஷ்ண பிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858-ல் கிறிஸ்தவரானவர். 1894-ல் வெளியான அவரது 'இரட்சணிய யாத்திரிகம்' ஆங்கிலத்துப் பனியனின் கதையைத் தழுவியது. இயேசு பகைவர் முன் அமைதியாக நின்றதை அவர் பாடிய பகுதி தமிழகப் பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெற்றது. வினைக் கொள்கையை நன்கு அறிந்த ஒரு தமிழ்ப் புலவரின் உள்ளத்தை இந்தத் தாசன் எப்படி உருக்கியிருக்கிறார் என்பதற்கு அது சாட்சி.

வாய் திறக்காத ஆடும் வாய் திறந்த தொழிலாளியும்

ஆனால் அந்த 'அமைதி'யில்தான் அபாயமும் இருக்கிறது. தாசன் வாய் திறக்கவில்லை. ஆகவே தொழிலாளியே, நீயும் வாய் திறக்காதே என்று பிரசங்கம் செய்வது எளிது. பேதுருவின் நிருபத்தில் ஏசாயா எடுத்தாளப்படும் இடமே, கொடிய எஜமானிடம் அகப்பட்ட வேலைக்கார அடிமைகளுக்கு எழுதிய இடம். அடிமை வியாபாரிகளும் தோட்டத் துரைமாரும் இந்தப் பகுதியை எவ்வளவு விருப்பத்தோடு கேட்டிருப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தங்கவயல் தொழிலாளி வாய் திறந்தவன். 1930-ல் எல்லோரும் கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனி உத்தரவிட்டபோது, 'நாங்கள் திருடர்களா?' என்று வேலையை நிறுத்தினான். 1946-ல் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டுத் தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களின் நினைவு இந்த ஊரில் இன்றும் மறையவில்லை. போராடியவர்களில் கிறிஸ்தவரும் இருந்தார்கள், பௌத்தரும் இருந்தார்கள், இந்துக்களும் இருந்தார்கள். கோயிலில் வாய் திறக்காத ஆட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு, வெளியே வந்து கோஷம் போட்டவன் வேதத்தை மறுத்தவன் ஆவானா?

இங்கே ஒரு வித்தியாசத்தை விட்டுவிடக் கூடாது. இயேசு அறிந்து, விரும்பி, தம்மைக் கொடுத்தார் என்பதே கிறிஸ்தவ போதனை. சுரங்கத் தொழிலாளி அப்படி ஒப்புக்கொடுத்தவன் அல்ல. பசி அவனை இறக்கியது. தூசு கொல்லும் என்று அவனிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவன் நுரையீரலைப் 'பலி' என்று புகழ்ந்து பேசினால், பலி வாங்கியவன் தப்பித்துக்கொள்வான். ஆகவே 'நம் முன்னோர் தங்கத்துக்காகத் தியாகம் செய்தார்கள்' என்று மேடையில் பேசும்போது சற்று யோசிப்பது நல்லது. தியாகம் என்பது தன் கையால் கொடுத்தது. இவர்களிடமிருந்து பிடுங்கியது அதிகம்.

அப்படியானால் ஏசாயா 53-ல் இவர்களுக்கு இடம் எங்கே? இதற்குப் பெங்களூரிலிருந்தே ஒரு பதில் வந்தது. 1981-ல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் பி. நிர்மல் என்ற பேராசிரியர் ஓர் உரை நிகழ்த்தினார். தலித் இறையியல் என்று இன்று உலகெங்கும் படிக்கப்படும் துறைக்கு அந்த உரை தொடக்கம் என்பார்கள். பிறகு அவர் சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அந்தத் துறையை வளர்த்தார். ஏசாயாவின் தாசனை அவர் புதிதாகப் பார்த்தார். தாசன் என்றால் வெறும் பக்தன் அல்ல, ஊழியம் செய்யும் அடிமை. அருவருக்கப்பட்டவன். தொடத் தகாதவன். தலைமுறை தலைமுறையாக மற்றவர்களின் அழுக்கைச் சுமந்தவன். அந்த உருவத்தில் கடவுள் தம்மைக் காட்டினார் என்றால், தலித் மக்களின் கடவுள் மேலே சிங்காசனத்தில் இருந்து இரங்குகிறவர் அல்ல, அவர்களோடு கீழே நிற்கிறவர் என்று அவர் எழுதினார்.

இந்த வழியில் போனால், தங்கவயல்காரர் தாசனைப் போலத் துன்பப்பட வேண்டும் என்று ஆகாது. அவர்கள் ஏற்கெனவே இருந்த இடத்துக்குத் தாசன் இறங்கி வந்தார் என்றாகிறது. தாசனை இகழ்ந்தது தப்பு என்று அழும் அந்த 'நாங்கள்' யார் என்பதையும் தேட வேண்டியதாகிறது. தங்கத்தைக் கழுத்தில் அணிந்து, தோண்டியவனைத் திண்ணையில் ஏற்றாதவர்கள் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

யூதர்கள் படிக்கும் விதம்

வேறொரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஏசாயா யூதர்களின் வேதம். அவர்கள் இந்த அதிகாரத்தை வேறு விதமாகப் படிக்கிறார்கள். 11-ம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த ராஷி என்ற பேருரையாசிரியர், தாசன் என்பது இஸ்ரவேல் மக்கள் முழுவதையும் குறிக்கும் என்றார். இதற்கு ஆதாரம் ஆகமத்திலேயே உண்டு. 41, 44, 49 ஆகிய அதிகாரங்களில் கடவுள் இஸ்ரவேலையே தம் தாசன் என்று அழைக்கிறார். ராஷிக்கு எண்ணூறு ஆண்டு முன்பே இந்த விளக்கம் யூதரிடையே வழங்கியதை ஒரிகன் என்ற கிறிஸ்தவ ஆசிரியரே எழுதி வைத்திருக்கிறார். பழைய யூத நூல்கள் சிலவற்றில் தாசனை வரப்போகும் மேசியாவாகக் கொண்டவர்களும் உண்டு. ஊர் ஊராய் விரட்டப்பட்ட ஒரு ஜாதி, ஐரோப்பாவில் ஹிட்லரின் முகாம்களில் லட்சம் லட்சமாகக் கொல்லப்பட்ட ஒரு ஜாதி, இந்த அதிகாரத்தில் தன் முகத்தைக் காண்பதை யார் தவறென்று சொல்வது?

அந்த ஜாதியைத் துன்புறுத்தியவர்களில், இந்த அதிகாரத்தைப் பெரிய வெள்ளியன்று கண்ணீரோடு படித்த கிறிஸ்தவர்களும் இருந்தார்கள் என்பது வெட்கத்துக்குரிய உண்மை. கத்தோலிக்கப் பெரிய வெள்ளிச் செபத்தில் யூதர்களை இழித்துக் கூறிய சொல்லைப் பாப்பரசர் 23-ம் யோவான் 1959-ல் நீக்கினார். இயேசுவின் மரணத்துக்கு யூத குலம் முழுவதையும் குற்றம் சாட்டக் கூடாது என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகச் சொன்னது. இகழ்ந்தவர்கள் தாங்களே திரும்பி வந்து தங்கள் தீர்ப்பைத் திருத்துவது ஏசாயாவில் மட்டும் நடந்ததல்ல.

தங்கவயலில் இப்போது

சுரங்கம் மூடி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஷாப்டுகளில் தண்ணீர் நிறைந்துவிட்டது. அரைத்துக் கொட்டிய மண் சயனைடு மேடுகளாக மலைபோல் நிற்கிறது. காற்றடித்தால் தூசு இன்னும் லைன் வீடுகளுக்குள் வருகிறது. சுரங்கத்தில் இறங்காத பேரப்பிள்ளையும் அதைத்தான் சுவாசிக்கிறான். வேலை தேடி நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூருக்கு ரயிலில் போய் வருகிறார்கள். மாரிகுப்பத்தில் விடியுமுன்னே ஏறி, உட்கார இடம் கிடைத்தால் உறங்கி, கிடைக்காவிட்டால் நின்றபடியே கண்ணயர்ந்து போகிற கூட்டம் அது. தாத்தா பூமிக்குள் இறங்கினார், பேரன் ரயிலில் ஏறுகிறான். இருவருமே வீட்டுப் பிள்ளைகள் உறங்கும்போது கிளம்பி, உறங்கிய பின் திரும்புகிறவர்கள்.

பெரிய வெள்ளியன்று அந்த ரயில்களில் கூட்டம் குறைவு. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் முந்தின நாளே ஊர் வந்துவிடுவார்கள். பதினான்கு நிலைகளாகச் சிலுவைப் பாதை நடக்கும்போது, இளைஞர்கள் தூக்கி வரும் மரச்சிலுவைக்குப் பின்னால் வயதான தொழிலாளர்களும் நடப்பார்கள். மூச்சு வாங்கும். மூன்றாம் நிலையில் இயேசு முதல் முறை விழுவார், ஏழாம் நிலையில் மறுபடி விழுவார். ஒவ்வொரு நிலையிலும் முழங்காலிட்டு எழ முடியாத பெரியவர்கள், எங்காவது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கையெடுத்துக் கும்பிடுவார்கள். அவர்கள் மூச்சு சீராகும் வரை ஊர்வலத்தின் பின்வரிசையில் யாராவது ஒரு பையன் கூடவே நிற்பான்.

கோயிலில் வாசகம் முடிந்து, அன்றைக்கு மட்டும் திறந்து காட்டப்படும் பெரிய சிலுவையை முத்தி செய்ய வரிசை நீளும். மணி இல்லை. மரக்கட்டையைத் தட்டும் ஓசை மட்டும். வரிசையில் ஓர் இருமல் கேட்கும். அதற்குப் பின்னால் இன்னொன்று. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இருமல் அடங்கும் வரை வரிசை அப்படியே நிற்கும், பிறகு ஓர் அடி முன்னால் நகரும்.